மொட்டை மாடிச் சூடு: கடைக்குப் போகும் முன் அக்கா சொல்லும் பத்து டிப்ஸ்

தங்கச்சி,

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு நீ போன் செய்து, "அக்கா, ஃபேனைப் போட்டா அனல்தான் இறங்குது. பையன் புரண்டு புரண்டு படுக்கிறான். எந்தக் கடையில என்ன வாங்கிப் பூசட்டும்?" என்று கேட்டாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே பெங்களூர் ஹெப்பகோடியில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தபோது நானும் இதே கேள்வியோடுதான் கடை ஏறினேன். எடுத்துக் காட்டிய டப்பாவை வாங்கி, இரண்டு கோட் வெள்ளை அடித்தோம். அந்த ஐப்பசி மழையில் பூச்சு அப்பளம் அப்பளமாக உரிந்து, மழைநீர்க் குழாயை அடைத்துக்கொண்டது. பெயின்டில் குறை இல்லை. தளத்துக்குள் ஓதம் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோசனை கேட்கப் போகும்போது உன் வீட்டைப் பற்றிய அளவு உன் கையில் இருக்க வேண்டும். "வீடு சுடுது" என்று போனால் அவரவர் விற்பதைச் சொல்வார்கள். "ராத்திரி ஒன்பது மணிக்கு சீலிங் இத்தனை டிகிரி, சுவர் இத்தனை டிகிரி, தளம் 600 சதுர அடி, ஒரு மூலையில் ஓதம்" என்று போனால், கடைக்காரரும் நிதானித்துத்தான் பதில் சொல்வார்.

1. சூடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்

பெங்களூரில் ஏப்ரல் 24, 25 வாக்கிலும், பிறகு ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் நம் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் உள்ள மாதங்களில், உச்சி வேளைச் சூரியன் ஏறக்குறைய நேராகத் தலைக்கு மேல் நிற்கிறது. அப்போது வெயிலைச் சுவர் வாங்குவதைவிடக் கூரை வாங்குவதே அதிகம். 2016 ஏப்ரலில் பெங்களூரின் வெப்பம் 39.2 டிகிரி வரை போனது. "நம்ம ஊர் குளிர்ச்சி" என்று நம்பிக் கட்டிய வீடுகள் இவை. கூரைக்கு மேல் எதுவும் போடாமல் விட்டிருப்பதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

மேகமில்லாத உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் கிட்டத்தட்ட 1,000 வாட் விழுகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு என்று வைத்துக்கொள். 600 சதுர அடித் தளம் என்றால் ஐம்பத்தைந்து இஸ்திரிப் பெட்டிகள். கறுத்துப்போன பழைய சிமென்ட் தளம் அதில் பெரும் பங்கை உள்ளே வாங்கிக்கொள்கிறது. கான்கிரீட் அதை உடனே கீழே விடாது. சில மணி நேரம் கழித்து, சாயங்காலம் தொடங்கி நடுராத்திரி வரை, சீலிங் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். வெளியே காற்று சிலுசிலுவென்று வீசும்போதும் உன் வீட்டுக்குள் அனல் அடிப்பது இதனால்தான்.

எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தது ஒரு மெழுகுவர்த்திக் கட்டு. கரண்ட் போனால் வேண்டுமே என்று பரணில் வைத்திருந்தேன். சித்திரையில் எடுத்துப் பார்த்தால் ஆறும் வாழைப்பழம் மாதிரி வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கீழே அலமாரியில் இருந்த மெழுகுவர்த்தி நேராகவே இருந்தது. நீயும் உன் பரணில் கையை விட்டுப் பார். தளத்துக்கு மிக அருகில் இருப்பது அந்த இடம்தான்.

2. மூன்று நாள், மூன்று வேளை, ஒரு நோட்டு

செலவில்லாத சோதனை இது. ராத்திரி ஒன்பது மணிக்கு உறுதியான ஸ்டூல் போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, உள்ளங்கையைச் சீலிங்கில் வை. பிறகு வெயில் படாத ஒரு உள்சுவரில் வை. சீலிங் நன்றாகச் சுட்டால் கூரைதான் காரணம். மேற்குச் சுவரும் அதே அளவு சுட்டால், கூரைக்கு மட்டும் செலவழித்தால் பாதிப் பலன்தான்.

கொஞ்சம் துல்லியமாக வேண்டுமென்றால், தெரிந்த ஏ.சி. மெக்கானிக்கிடம் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை இரண்டு நாள் இரவல் கேள். காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டின் எல்லைக்குள்தான் காட்டும். காலை ஏழு, பிற்பகல் மூன்று, ராத்திரி ஒன்பது என்று மூன்று வேளையும் தளத்தின் மேல்பக்கம், சீலிங், உள்சுவர் மூன்றையும் அளந்து எழுது. சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானியில் அறைக் காற்றையும் குறித்துக்கொள். மூன்று நாள் போதும்.

இந்த ஒரு பக்கம்தான் உன் ஆயுதம். வேலை முடிந்த பிறகு அதே வேளைகளில் மறுபடி அளந்தால், காசு கொடுத்ததற்குப் பலன் வந்ததா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

3. ஓதம் இருந்தால் அதுதான் முதல் வேலை

சீலிங்கில் மஞ்சள் வட்டம், உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி, ஃபேன் கொக்கியைச் சுற்றிப் பூச்சு உப்பல், மாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல். இவற்றில் ஒன்று இருந்தாலும் சூட்டு வேலையைத் தள்ளிப் போடு. ஈரத்தை உள்ளே வைத்து மேலே மூடினால் பூச்சு உரியும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும், இரண்டு செலவும் வீண்.

சந்தேகம் இருந்தால் தண்ணீர் கட்டிப் பார்க்கச் சொல். மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்தினால், ஒழுகும் இடம் கீழே தன்னாலே தெரியும். வீட்டு ஓனர் ஒப்புதலோடு, மேஸ்திரி பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது. வாட்டம் சரியில்லாமல் மழைக்குப் பிறகு தண்ணீர் குட்டையாக நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுத்து வை. நீ எழுதும் பட்டியலைவிட இன்ஜினியருக்கு அந்தப் படம் அதிகம் சொல்லும்.

4. வெளிநாட்டு வீடியோ நம் தளத்துக்குப் பொருந்தாது

நீ அனுப்பிய கனடா வீடியோவைப் பார்த்தேன். சாய்வுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் கண்ணாடிப் பஞ்சை ஒரு அடி கனத்துக்கு நிரப்புகிறார்கள். அங்கே அடுப்பேற்றிய சூடு வெளியே போகக் கூடாது. இங்கே வெளிச்சூடு உள்ளே வரக் கூடாது. அதோடு, நம் மட்டமான கான்கிரீட் தளத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் நிரப்ப இடமே இல்லை. தளம்தான் சீலிங்.

நம்மிடமும் அந்த இடைவெளி ஒரு காலத்தில் இருந்தது. ஊத்தங்கரைப் பாட்டி வீட்டை நினைத்துப் பார். மேலே நாட்டு ஓடு, கீழே பலகை போட்ட மச்சு, மச்சில் புளிப் பானையும் கேழ்வரகு மூட்டையும். ஓட்டுச் சந்துகள் வழியாகச் சூடு வெளியேறும். மிச்சத்தை மச்சும் மூட்டையும் தாங்கும். சித்திரை மதியத்தில் பாட்டி அதற்குக் கீழே பாய் போட்டுத் தூங்கினாள். கான்கிரீட் வந்த பிறகும் தமிழ்நாட்டில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் இடித்து, அதன் மேல் தட்டோடு பதிக்கும் வழக்கம் இருந்தது. இங்கே நம் தெருவில் வெறும் சிமென்ட் பூச்சோடு விட்ட தளங்களைத்தான் வரிசையாகப் பார்க்கிறேன். இனி வீடு பார்க்கப் போனால் மாடி ஏறி, தளத்தின் மேல் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு.

5. நான்கு வழிகள், ஒவ்வொன்றின் வேலையும் வேறு

*வெள்ளை.* வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பும். சுண்ணாம்பு மலிவு. மழையில் கரையும், வருஷா வருஷம் மாசி மாதத்தில் மறுபடி அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயின்ட் சில வருஷம் நிற்கும், ஆனால் தூசி படிந்தால் வேலை குறையும். ஹோசூர் சாலைப் புழுதியும் பொம்மசந்திரா ஃபேக்டரிப் பக்கத்துத் தூசியும் சேரும் நம் ஊரில், கோடையில் மாதம் ஒரு முறையாவது தளத்தைக் கழுவித் தள்ளு. வெள்ளை டைல்ஸ் துண்டுகள் பதிப்பது இன்னும் நீடிக்கும், ஆனால் மழையில் வழுக்கும். சொரசொரப்பான ரகமாகக் கேள்.

*நிழல்.* வெயில் தளத்தைத் தொடாமலே பார்ப்பது. பச்சை வலை, பந்தல், சோலார் பேனல் எல்லாம் இந்த வகை. தளத்துக்கும் நிழலுக்கும் நடுவில் காற்று ஓட இடைவெளி விடு. சொந்த வீட்டுக்காரர்களுக்கு, 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். கரன்ட் பில்லுக்காகப் பேனல் போடும்போது, படுக்கையறைக்கு மேல் அமையும்படி கேட்டு வாங்கு. நிழல் இலவசமாக வரும்.

*தளத்தின் மேல் இன்சுலேஷன்.* எக்ஸ்.பி.எஸ். என்னும் கெட்டி நுரைப் பலகையை நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் பரப்பி, அதற்கு மேல் சிமென்ட் தளமோ டைல்ஸோ போடுவார்கள். கான்கிரீட்டின் சூடு கடத்தும் தன்மையோடு ஒப்பிட்டால் இந்த வகைப் பலகை நாற்பதில் ஒரு பங்குதான் கடத்தும். சொந்த வீட்டுக்கு இதுதான் நீண்ட நாள் தீர்வு.

*சீலிங்குக்குக் கீழே.* ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கும் அதற்கு மேலே ராக் வூல் பஞ்சும். மாடியில் கை வைக்க முடியாதவர்களுக்கு இது. அறை உயரம் குறையும், பழைய ஒயரிங்கை முதலில் எலெக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும், எலி புகாதபடி ஓரங்களை அடைக்க வேண்டும். வெறும் தெர்மாகோல் பலகையைச் சீலிங்கில் ஒட்டச் சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதே. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். பிள்ளைகள் தூங்கும் அறை அது.

6. கனத்தைச் சொல்லி மிரட்டினால் இந்தக் கணக்கை வை

மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டு விதி, கூரை வழியாகப் போகும் சூட்டுக்கு ஓர் எல்லை வைக்கிறது. வெளிக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் கடக்கக் கூடாது. வெறும் கான்கிரீட் தளம் மூன்றுக்கு மேல் விடுகிறது. அதன் மேல் ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகை போட்டால், கணக்குப்படி ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். இரண்டு அங்குலம் போட்டால் அரை அளவுக்கு வரும். நான்கு அங்குலம் போட்டால் கால் அளவு.

முதல் அங்குலமே பெரும் பங்கைத் தடுத்துவிடுகிறது என்பதைக் கவனி. இரண்டாவது அங்குலம் நல்லது. அதற்கு மேல் நம் ஊர் வெயிலுக்குக் காசு அதிகம், பலன் கொஞ்சம். "நாலு அங்குலம் இல்லாட்டி வேஸ்ட்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போடு.

7. யாரிடம் கேட்பது?

*மூன்று கோடை தாண்டிய அக்கம்பக்கத்து வீடு.* இதுதான் என் முதல் சிபாரிசு. நம் தெருவில் வெள்ளை அடித்த மாடி எது என்று மேலே நின்று பார்த்தாலே தெரியும். பிற்பகல் மூன்று மணிக்குப் போய், அந்த வீட்டம்மாவிடம் கேட்டு உள்ளே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார். எவ்வளவு செலவு, எப்போது மறுபடி அடித்தார்கள், எங்கே உரிந்தது என்று கேள். விற்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. அதனால் உரிந்த கதையையும் சேர்த்துச் சொல்வார்கள்.

*ஃபீஸ் வாங்கும் இன்ஜினியர்.* தளத்தின் மேல் எடை ஏற்றுவதாக இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிட்டுக் காட்டு. ஃபீஸ் கொடுப்பதற்குத் தயங்காதே. இலவசமாக யோசனை சொல்ல வருகிறவர் தன் கூலியைச் சாமானில் சேர்த்திருப்பார்.

*பொது நிறுவனங்கள்.* எரிசக்தித் திறன் வாரியம் வெளியிடும் வழிகாட்டிகள் இலவசம். நம் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில் 1974இல் அஸ்த்ரா என்ற பெயரில் தொடங்கி, இப்போது நீடித்த தொழில்நுட்ப மையமாக இருக்கும் துறை, மண் கல், குறைந்த சிமென்ட் கட்டுமானம் ஆகியவற்றில் பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறது. புதிதாகக் கட்டப் போகிறவர்கள் லாரி பேக்கர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் பற்றி அந்த வழியில் பயின்ற ஆர்க்கிடெக்டிடம் கேட்கலாம். தளத்தின் நடுநடுவே ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறை அது.

*மேஸ்திரி.* இங்கே மொட்டை மாடியைத் தாரசி என்பார்கள், சுண்ணாம்பு கன்னடத்தில் சுண்ண. தளத்தில் எங்கே தண்ணீர் நிற்கும், எந்த மூலை வெடிக்கும் என்பதில் அனுபவமுள்ள மேஸ்திரியின் கண் யாருக்கும் வராது. எத்தனை டிகிரி குறையும் என்பதை மட்டும் அவரிடம் கேட்காதே, உன் நோட்டிடம் கேள்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லி ஒப்பிடு. பெயின்ட்காரர், ஃபால்ஸ் சீலிங்காரர், வாட்டர்புரூஃபிங்காரர் மூவரும் ஒப்புக்கொள்ளும் விஷயம் ஏதாவது இருந்தால் அதை நம்பலாம்.

8. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இவற்றை எழுதி எடுத்துப் போ:

"பத்து டிகிரி குறையும் என்கிறீர்களே, எந்தப் பத்து டிகிரி?" தளத்தின் மேல்பக்கம், சீலிங்கின் கீழ்பக்கம், அறைக் காற்று மூன்றும் வேறு வேறு. வெள்ளை அடித்தால் மேல்பக்கம் பத்து டிகிரிக்கு மேலேயே குறையலாம். அறைக் காற்றில் பெரும்பாலும் 2 முதல் 5 டிகிரி. அதுவே தூக்கத்துக்குப் பெரிய வித்தியாசம்தான், ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடு.

"வெயிலைத் திருப்பும் அளவு எவ்வளவு? லேப் சர்டிபிகேட் இருக்கா?" 0.70 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்ல பூச்சு. அழுக்குப் படிந்த பிறகு எவ்வளவு என்றும் கேள்.

"ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு, எத்தனை கோட்?" டப்பா விலை மலிவாக இருந்து மூன்று கோட் அடிக்க வேண்டி வந்தால் மலிவு எங்கே?

"இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்த மாடியை ஹெப்பகோடியிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ காட்ட முடியுமா?"

"கியாரண்டி எதற்கு? சாமானுக்கா, ஒட்டிய வேலைக்குமா?" பில்லில் எழுதி வாங்கு.

"தீப்பிடித்தால் என்ன ஆகும்?" நுரை, பஞ்சு, ஃபாயில் எதுவானாலும் இந்தக் கேள்வியை விடாதே.

இன்னொன்றும் கவனி. சில இடங்களில் பளபள ஃபாயிலைப் பரப்பி, அதன் மேல் தெர்மாமீட்டர் துப்பாக்கியைக் காட்டி, "பாருங்க, எவ்வளவு கம்மி!" என்பார்கள். பளபளப்பான பரப்பில் அந்தக் கருவி உண்மைச் சூட்டைக் காட்டாது. எலெக்ட்ரீஷியன் பயன்படுத்தும் கறுப்பு டேப்பைக் கொஞ்சம் ஃபாயிலில் ஒட்டி, சற்று நேரம் விட்டு, டேப்பின் மேல் காட்டச் சொல். அதோடு, ஃபாயில் வேலை செய்ய அதன் ஒரு பக்கமாவது காற்று இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டி நசுக்கிவிட்டால் பலனில்லை.

9. எடையை மறக்காதே

மாடித் தோட்டம், செங்கல் ஜல்லி என்று ஆசை வரும். நான்கு அங்குலச் செங்கல் ஜல்லித் தளம் ஒரு சதுர அடிக்குப் பதினேழு கிலோ அளவுக்கு வரும். 600 சதுர அடிக்குப் பத்து டன். நனைந்த தோட்ட மண்ணும் அதே கனத்துக்கு ஏறக்குறைய அதே எடைதான். ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோதான், அதாவது சதுர அடிக்குப் பதினான்கு. கட்டும்போதே கணக்கில் சேர்த்திருந்தால் பயமில்லை. மாடிக்கு மேல் மாடியாகப் பிறகு எழுப்பிய கட்டடத்தில் இன்ஜினியர் சொல்லாமல் எதையும் ஏற்றாதே. நுரைப் பலகைக்கு எடையே இல்லை, அதற்கு மேல் போடும் சிமென்டுக்குத்தான் எடை.

10. வாடகை வீட்டிலும் சீட் ரூமிலும்

நீ லீஸுக்கு இருக்கிறாய். ஓனர் காசில் பெரிய வேலை நடக்காது என்றால் சுண்ணாம்பிலிருந்து தொடங்கு. ஓனரிடம் இப்படிக் கேள்: "சார், என் செலவிலேயே படுக்கையறைக்கு மேல் வெள்ளை அடிச்சுக்கறேன், நீங்க சரின்னு ஒரு மெசேஜ் போடுங்க." மெசேஜ் கையில் இருந்தால், காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிக்கும் பேச்சு வராது.

ஒரே அறைக்கு மேல் பத்துக்குப் பத்து அடி மட்டும் முதலில் அடித்துப் பார். தளத்தைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடு. நீர்த்த சுண்ணாம்பைத் துணியில் சலித்து, பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்து, சாயங்கால வெயிலில் இரண்டு கோட். கல் சுண்ணாம்பு வாங்கினால் தண்ணீரில் சுண்ணாம்பைப் போடு, சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதே, கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பிள்ளையை மாடிக்கு ஏற்றாதே. மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, அடித்த அறையின் சீலிங்கையும் அடிக்காத அறையின் சீலிங்கையும் தொட்டுப் பார். நான் தொட்டுப் பார்த்த ராத்திரி, அடிக்காத பக்கம் தோசைக்கல் ஆறுகிற சூடு, அடித்த பக்கம் வெறும் சுவர். அதற்குப் பிறகு மீதித் தளத்துக்கு ஓனரே சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்தார்.

உன் மாடியில் கூரைக்குச் சீட் போட்ட ரூமில் பொம்மசந்திரா ஃபேக்டரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாயே, அவர்களுக்கும் இதைச் சொல். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்க வேண்டியவர்கள் அவர்கள், அந்தச் சீட்டுக்குக் கீழே பகலில்தான் கொடுமை. சீட்டின் மேல் வெள்ளைப் பூச்சு, கீழே அரை அடி இடைவெளி விட்டு ஒரு சீலிங், இரண்டு எதிர்ச் சுவரிலும் உச்சியில் காற்று போகும் துவாரம், இந்த மூன்றும் சேர்ந்தால் ரூம் மாறிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் சீட் என்றால் அறுக்காதே, துளை போடாதே, கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதே. அந்தத் தூசி நுரையீரலில் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து மெதுவாகத் துடைக்கலாம். சீட்டின் மேல் நேராகக் கால் வைக்கவும் கூடாது, உடைந்து ஆள் விழுந்துவிடுவார்.

எந்த வழியானாலும் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் முழுப் பலன். சென்னையில் ராத்திரிக் காற்றும் புழுங்கும். ஆனால் நமக்குச் சித்திரையிலும் விடியற்காலையில் இருபத்திரண்டு டிகிரி வாக்கில் இறங்கிவிடும். எதிரெதிர் ஜன்னல்களில் கொசுவலை அடித்து, சாயங்காலம் ஏழுக்கு மேல் திறந்து வை, காலை ஒன்பதுக்கு மூடி, திரையைப் போடு. இன்சுலேஷன் போட்டுவிட்டு ஜன்னலை மூடியே வைத்தால், சமையலறைச் சூடும் நம் உடம்புச் சூடும் உள்ளேயே தங்கிவிடும்.

கடைசியாக, எப்போது செய்வது?

மார்கழியில் அக்கம்பக்கத்து மாடிகளைப் பார்த்து வை. தை, மாசியில் ஓத வேலையும் பூச்சு வேலையும் முடி, தளம் காய்ந்திருக்கும் காலம் அதுதான். சித்திரையில் மாங்காய் மழை தொடங்கிவிட்டால் பூச்சு நிற்காது. இந்த வருஷம் அந்தக் காலம் தாண்டிவிட்டதே என்று கவலைப்படாதே. இன்றைக்கே ஒரு பச்சை வலை வாங்கி, படுக்கையறைக்கு மேல் ஆள் உயரத்தில் இழுத்துக் கட்டு, நான்கு மூலையிலும் காற்றுக்கு அசையாதபடி முடிச்சுப் போடு. கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேலும் அந்த வலை நீளட்டும், மதியம் குழாயில் வெந்நீர் வராது.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூல் மேல் ஏறு, மாப்பிள்ளையை ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல். சீலிங்கில் கை வைத்துவிட்டு, நோட்டில் முதல் வரியை எழுது. மூன்று நாள் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். பையன் நிம்மதியாகத் தூங்க என்ன வேண்டும் என்று அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்வோம், பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போவோம்.

அன்புடன்,
அக்கா